ஆர்.ஓ. அறையின் பின்பக்கக் குழாய்: ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களின் பங்குப் பேரவை, ஊர்க் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

தினமும் காலையில் இருபது லிட்டர் கேனோடு, உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. மெஷின் அறை வாசலில் வரிசையில் நிற்கிறவன் நான். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நம் ஊர் மெஷின் பழசாகிவிட்டது, பெரிதாக ஒன்று வாங்கப் போகிறோம் என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது. வரி பிரிக்கும் முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்து சேருகிற மேட்டு ஊர்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். உப்பேறிய கிணறுகளை வைத்துக்கொண்டு நமக்கு வேறு வழியில்லை. எனக்குக் கவலையெல்லாம் அதன் பின்பக்கத்தைப் பற்றி.

மெஷின் அறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அரை இஞ்சு பி.வி.சி. குழாய் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊற்றுகிறது. கீழே மணல் வெள்ளை பூத்துப் பாளம் கட்டிக் கிடக்கிறது. பக்கத்துத் தென்னையில் ஓலை நுனியெல்லாம் கருகல். அங்கிருந்து, மெஷினுக்குத் தண்ணீர் எடுக்கும் நம் போர்வெல் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். 28 காலடி.

உள்ளே இருக்கும் மெம்பரேன் ஒரு படலம்தான். பாய் சுருட்டுவதுபோல, துளை போட்ட குழாய் ஒன்றைச் சுற்றிச் சுருட்டியிருப்பார்கள். உப்பைத் தடுக்கிற மேல்தோல் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. பம்பு கொடுக்கும் அழுத்தத்தில் தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும். உப்பு, ஈயம், காட்மியம் எல்லாம் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடும். நின்றது மாயமாகப் போவதில்லை. 100 லிட்டர் ஏற்றி 50 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், மொத்த உப்பும் உலோகமும் ஏறக்குறைய அப்படியே மீதி 50 லிட்டரில் இருக்கும். அதாவது இரண்டு மடங்கு. அதைப் போர் பக்கத்திலேயே மணலில் விட்டால், திரும்ப அதைத்தானே உறிஞ்சுகிறோம்? சில ஊர்களில் குழாயை நம் கடலோரத்துப் பழைய ஏ.வி.எம். கால்வாய்க்கு இழுத்து விட்டிருக்கிறார்கள். குப்பை மூடிக் கிடக்கிற கால்வாய்க்கு இது வேறா?

உப்பு சரி, நம் ஊரில் ஈயம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை நம் முற்றங்களிலேயே உருக்கி வார்த்ததைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழைய பேட்டரித் தகடும் அந்தச் சட்டியில் விழும். மிஞ்சிய கசடை வாரி மணலில்தான் கொட்டுவார்கள். அது தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சோதிக்காமல் இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

மெஷின் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவார். கரைந்திருக்கும் மொத்தப் பொருள் எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். அதில் ஈயம் தெரியாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்திருக்கும் மொத்தப் பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. உலோகம் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலில் தண்ணீர் எடுக்க வேண்டும்.

அதற்காக மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெம்பரேன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது தினமும் வேண்டும். போன வருஷம் தொட்டியில் பாசி பிடிக்கிறது என்று யாரோ நல்ல எண்ணத்தில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டார். குளோரின் இந்தப் படலத்தை அரித்துவிடும். அதைத் தடுக்க வேண்டிய கார்பன் ஃபில்டரையும் மாற்றி நாளாகியிருந்தது. மீட்டரில் 60 காட்ட வேண்டிய தண்ணீர் 410 காட்டியது. நாலு மாசம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறோம். "தண்ணிக்கு இப்பத்தான் ஒரு ருசி வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆகவே, புது மெஷினோடு சேர்த்துக் கழிவுத் தண்ணீருக்கு ஒரு தொட்டியும் கட்டுங்கள். சோதனையில் உலோகம் இல்லை என்று வந்தால், பள்ளிக் கழிப்பறைக்கும் மண்டபத்துக் கழிப்பறைக்கும் அந்தத் தண்ணீரே போதும். இருக்கிறது என்று வந்தால் அதை மணலிலும் விடக் கூடாது, கால்வாயிலும் விடக் கூடாது. சிமெண்ட் பாத்தியில் காயவைத்துத்தான் அகற்ற வேண்டும். நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், பாத்திக்கு மேலே கண்ணாடி ஓடு போடாவிட்டால் எல்லாம் வழிந்துவிடும். அப்புறம், மெம்பரேன் மாற்றுகிற செலவை மாதாமாதம் கேன் காசிலிருந்தே எடுத்து வையுங்கள்.

போர் தண்ணீர் ஒரு பாட்டில், நல்ல தண்ணீர் ஒன்று, பின்பக்கக் குழாய்த் தண்ணீர் ஒன்று. நம் ஊருக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் அங்கேயும் வருகிறேன். சோதனைக் கட்டணத்தை வருகிற கூட்டத்தில் ஒதுக்குங்கள். முடிவு கைக்கு வரும்வரை கொட்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அன்பியத்து ஓய்வுபெற்ற வாத்தியார்