தொடையில் வந்திருக்கும் கட்டி

பினாங்கு

அன்பு மகனுக்கு,

தொடையில் வந்திருப்பதைச் சூட்டுக்கட்டி என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாய். ஃபுட்சால் (சிறு திடல் கால்பந்து) கூட்டாளிகள் இருவருக்கும் இதே மாதம் கட்டி வந்தது என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. உடம்புச் சூடு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி ஒட்டும். அதிலும் வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருக்கலாம்.

இந்தக் கிருமியை அடக்க மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. 1961இலேயே அதை மீறும் கிருமி, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., இங்கிலாந்தில் தலைகாட்டிவிட்டது. நெடுநாள் அதை ஆஸ்பத்திரித் தொல்லை என்றே எண்ணியிருந்தார்கள். 1999இல் அமெரிக்காவின் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில் நான்கு பிள்ளைகள் வெளியில் தொற்றிய எம்.ஆர்.எஸ்.ஏ.வால் இறந்த செய்தி வந்த பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். உங்களைப் போல ஒரே அணியாக ஆடி, துண்டையும் ஷேவரையும் மாற்றி மாற்றி எடுப்பவர்களிடம் அது சுலபமாகப் பரவும். செயற்கைப் புல்லில் விழுந்து தோல் உரசிய இடம் போதும், உள்ளே நுழைந்துவிடும்.

கட்டியை நசுக்காதே, ஊசியால் குத்தாதே. சீழ் ஆழத்துக்குப் போகும். கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, உள்ளே இருக்கும் அறைகளை உடைத்துச் சீழை முழுக்க எடுப்பார்கள். பாதி வைத்தியம் அதுதான். சீழுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை மட்டும் அங்கே போய் என்ன செய்யும்? எடுத்த சீழை, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேள். தோலின் மேல் துடைத்தது வேண்டாம், உள்ளிருந்து வந்த சீழே வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

அறை நண்பன் மிச்சம் வைத்திருக்கும் ஆக்மென்டின் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடாதே. அந்த வகை மருந்து கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து நிறுத்தும். எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் மெக்-ஏ என்ற மரபணு வேறொரு புரதத்தை உண்டாக்குகிறது, மருந்து அதில் சரியாக ஒட்டாது. குளோக்சசிலின், செஃபலெக்சின் கதையும் அதேதான். டாக்டர் கோட்ரைமோக்சசோலோ டாக்சிசைக்கிளினோ தரலாம். சல்ஃபா மருந்து அலர்ஜி, ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று முதலில் கேட்பார், உண்மையைச் சொல். ரிப்போர்ட்டில் எரித்ரோமைசின் பக்கத்தில் ‘ஆர்’ (கிருமி அடங்காது), கிளிண்டாமைசின் பக்கத்தில் ‘எஸ்’ (அடங்கும்) என்றிருந்தால், எரித்ரோமைசினை மீறும் கிருமி பிறகு கிளிண்டாமைசினையும் மீறுமா என்று பார்க்கும் டி-டெஸ்ட் செய்தார்களா என்று விசாரி. செய்யாவிட்டால், வேலை செய்வதுபோல் தொடங்கிய கிளிண்டாமைசின் நடுவில் கைவிட்டுவிடக்கூடும்.

புண்ணை கோஸ் வைத்து நான்கு ஓரமும் பிளாஸ்டர் ஒட்டி மூடு. தினமும் மாற்று, நனைந்தால் உடனே மாற்று. கழற்றியதைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவு. துண்டு உனக்கென்று தனியாக இருக்கட்டும். அதையும் ஜெர்சியையும் வெந்நீரில் துவைத்து முழுக்கக் காயவை. கதவுப்பிடி, குளியலறைத் திண்டைத் துடைக்க 1 லிட்டர் தண்ணீரில் 10 மில்லி பிளீச் போதும், அன்றாடம் புதிதாகக் கலக்கு. புண் ஆறும்வரை ஆட்டமும் நீச்சலும் வேண்டாம். கூட்டாளிகளிடமும் சொல்லிவிடு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வை. சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, பார்ப்பதற்கு லேசாக இருந்தும் வலி தாங்க முடியாமல் போனாலோ, மூக்கு, மேலுதடு பக்கம் புதிதாகக் கட்டி கிளம்பினாலோ, நடு இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. விடியட்டும் என்று படுத்திருக்காதே அய்யா.

அம்மா