சேகருக்கு, டெல்லியிலிருந்து

ஆர்.கே. புரம்,
புது டெல்லி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். மீனாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். போனில் நீ யாரையும் பேசி முடிக்க விடமாட்டாய், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மலை மந்திர் கோயிலில் பத்மா மாமி பிடித்துக்கொண்டார். அவர் தம்பிக்கு ஃப்ளூ முற்றி நிமோனியா. "உங்க ரேடியேஷன் மிஷின்ல ஒரே ஒரு தடவை காட்டினா நுரையீரல் தெளிஞ்சிடுமாமே, கொரோனா சமயத்துல நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

ஆமாம், நான்தான் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன்.

2020-ல் எனக்கிருந்த வேகம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை எய்ம்ஸில் கொரோனா நிமோனியா வந்த 10 பேருக்கு நுரையீரலில் 0.7 கிரே கதிர் கொடுத்தார்கள், ஒரே ஒரு முறை. கிரே என்பது கதிரின் டோஸை அளக்கும் அலகு. நுரையீரல் புற்றுநோய்க்கு நாங்கள் ஆறு வாரத்தில் 60 கிரே வரை கொடுப்போம். இது அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 9 பேர் தேறினார்கள், பெரும்பாலோர் 3 முதல் 7 நாளுக்குள். 1905-லேயே நிமோனியாவுக்கு எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பென்சிலின் வந்ததும் கைவிட்டார்கள். காரணமும் பொருந்தி வந்தது. இவ்வளவு குறைந்த டோஸ் வைரஸை ஒன்றும் செய்யாது, நுரையீரலின் அழற்சியைத் தணிக்கும் என்றார்கள். நான் முழுசாக நம்பினேன்.

அப்புறம் 2021 மே. ராத்திரி 2 மணிக்கு உன் வாய்ஸ் மெசேஜ். "முரளி, அண்ணன் வென்டிலேட்டர்ல இருக்கார். அந்த மிஷின்ல ஒரு தடவை வைக்க முடியுமாடா? டெல்லிக்குக் கொண்டு வரட்டுமா?" பின்னால் யாரோ உரக்கப் பெயர் கூப்பிடும் சத்தம். நான் "பார்க்கிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். அதற்கப்புறம் நீ அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டெல்லிக்குத் தூக்கிப் போயிருக்கலாம் என்று நீ இன்னும் புலம்புவதாகக் கல்யாணி போன மாதம் சொன்னாள்.

சேகர், இதைக் கேள். அதே 2021-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஆய்வு வெளிவந்தது. வென்டிலேட்டரில் இருந்த 22 பேர். பாதிப் பேருக்கு 1 கிரே, மீதிப் பேருக்குக் கொடுப்பது போல எல்லாம் செய்து கதிரை மட்டும் விடவில்லை. வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்களை எண்ணினால் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. எய்ம்ஸின் 10 பேருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கதிர் வாங்காத 10 பேர் இல்லை. வழக்கமான சிகிச்சையிலேயே அவர்களில் எத்தனை பேர் தேறியிருப்பார்களோ! இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வென்டிலேட்டரோடு திருச்சியிலிருந்து டெல்லி வரை அண்ணன் தாங்கியிருக்க மாட்டார். வந்திருந்தாலும் அந்த மிஷின் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை. நீ எதையும் விட்டுவிடவில்லை. பதில் சொல்லாமல் விட்டது நான். மன்னித்துக்கொள்.

மாமியிடம், தம்பியை அங்கேயே இருக்கும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள், எங்கேயும் அலைக்கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வருகிறேன். அண்ணியிடமும் இதை நேரில் சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்கு வராதே, ஸ்ரீரங்கத்துக்கு நானே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

உன்,
முரளி