ஏற்காடு ஏரிக்கரைச் சங்கத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் நடந்தன. போதிய ஆள் (கோரம்) சேராமல் தள்ளிப்போனதும் உண்டு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கோடை விழா முடிந்ததும் அண்ணா பூங்கா பக்கம் குப்பை அள்ளினோம், ஆகாயத்தாமரையும் இழுத்துப் போட்டோம். இவை வருடா வருடம் எழுதுகிற வரிகள்தான்.

இந்த ஆண்டு உருப்படியாகச் செய்தது, நீர்வரத்து ஓடைகளை நடந்து பார்த்தது. ஊட்டி, கொடைக்கானல் ஏரிகள் கலெக்டர்கள் முயற்சியில் வெட்டப்பட்டவை. ஏற்காடு ஏரியோ மலைப் பள்ளத்தில் தானாக அமைந்தது என்பார்கள். சேர்வராயன் கோயில் மேடு 5,000 அடியைத் தாண்டும். ஏரி இருப்பது சுமார் 4,500 அடியில். பெரிய ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. சுற்றுச் சரிவுகளில் பெய்வதுதான் வரத்து. அடியில் சார்னோகைட் என்னும் கெட்டியான பாறை. விரிசல் இருந்தால்தான் அதற்குள் நீர் இறங்கும். மேலே இருக்கும் மண்தான் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. அந்த மண்ணைத்தான் நாம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஓடையில் இதைக் கண்ணால் பார்த்தோம். காபித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் நிழலில், அடியில் கிடக்கும் சருகு தெரியும் அளவுக்குத் தெளிவான தண்ணீர். வளைவு தாண்டிக் கீழே வந்தால் விடுதி கட்டச் சரிவை வெட்டிய இடம். அதற்கப்புறம் தண்ணீர் செம்மண் குழம்பு. குச்சியை ஊன்றினால் பாதி வரை இறங்கியது. காபிப் பழம் தோல் உரிக்கும் பருவத்தில் கழுவிய தண்ணீரும் சில ஓடைகளில் கலக்கிறது, அந்தப் புளித்த வாடையே சொல்லிவிடும். கட்டடக்காரரிடம் போய்ப் பேசினோம். டீ வாங்கிக் கொடுத்தார், வேலையை நிறுத்தவில்லை.

ஏரி நிரம்பினால் மிகுநீர் கிளியூர் அருவியாக விழுகிறது. மழைக்காலத்தில் அருவி சிவந்து விழுவதைச் சுற்றுலா வந்தவர்கள் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். போவது மேட்டு மண். அதில் தங்குவது ஏரியின் அடியில் வண்டலாகச் சேர்கிறது. இப்படியே போனால் எத்தனை முறை தூர் வாரினாலும் காசுக்குத்தான் கேடு.

எனவே, ஓடை ஏரியில் சேரும் வாய்களில் வண்டல் தேங்கும் சிறு தொட்டிகள் கட்டித் தரக் கேட்டு மனு கொடுக்கலாம் என்று தீர்மானம் வைக்கிறேன். தென்மேற்குப் பருவமழைக்கு முன் கொடுத்தால்தான் பயன். முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் வேண்டும். மனுவோடு அலைய இரண்டு பேரும் வேண்டும், சரி என்பவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்