மாப்ளைக்கு, சிறுத்தை விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறி சின்னக்கடை வீதி போய்ப் பூ வாங்கிக்கொண்டும் வந்துவிடுகிறார். உன் பெண் பத்தாவது முடித்துவிட்டாள் என்று நம் கூட்டாளி 'சித்தப்பா' சொன்னான், சந்தோஷம். ரொம்ப நாளாக எழுதவில்லை என்று மன்னிப்புக் கேட்கும் பத்தியை நீயே போட்டுக்கொள், நீயும்தான் எழுதவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். சிரிக்காதே, நிஜமாகத்தான். தூக்கியது யார் தெரியுமா? பேங்க் சார். பாலிடெக்னிக் படிக்கும்போது டீக்கடை வாசலில் நம்மை நிறுத்தி வைத்து 'தம்பிகளா, பேப்பர் படிங்க' என்று முக்கால் மணி நேரம் அறுத்தாரே, அதே பேங்க் சார். இப்போது அவர்தான் அட்மின்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி சாப்பிட உட்காரும் நேரத்தில் குழுவில் ஒரு வீடியோ வந்தது. இருபது வினாடிகூட இருக்காது. காம்பவுண்டுச் சுவர், உள்ளே வரிசையாக வண்டிகள், ஒரு டியூப் லைட். சுவரிலிருந்து ஒரு சிறுத்தை குதிக்கிறது, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கிறது, நிதானமாக நடந்து போய்விடுகிறது. கீழே, 'ஏற்காடு அடிவாரத்தில் சற்றுமுன். குழந்தைகளை வெளியே விட வேண்டாம். அதிகம் பகிரவும்.' கூடவே கை கூப்பும் பொம்மைகள்.

நாம் கன்னங்குறிச்சிக்காரர்கள், மலை நம் கொல்லைப்புறம். மேலே எஸ்டேட்டுக்குள் காட்டுமாடு வந்து நிற்பது ஒன்றும் அதிசயமில்லை. மேட்டூர் கொளத்தூர் பக்கம் 2024-இல் சிறுத்தை ஆடுகளை அடித்ததும் நிஜம். அதனால் சிறுத்தை வரவே வராது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. முதலில் எனக்கும் பயம்தான், பைக்கை உள்ளே தள்ளிவிட்டு கேட்டைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் பால்காரர் வெளிச்சம் வந்த பிறகுதான் வந்தார். டியூஷன் லீவு. வாக்கிங் போகிற கூட்டம் ஆளுக்கொரு கம்போடு போனது, அதில் ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை. மத்தியானத்துக்குள் ஒரு உள்ளூர் யூடியூப் சேனல்காரன் அதே வீடியோவை எடுத்துப் போட்டுவிட்டான். 'நமக்குக் கிடைத்த தகவலின்படி' என்று ஆரம்பம். அந்த இருபது வினாடியை எட்டு நிமிடத்துக்கும் மேல் இழுத்திருந்தான். சிறுத்தையைச் சுற்றி சிவப்பு வட்டம், அம்புக்குறி, 'கடைசி வரை பாருங்க'. எட்டு நிமிடம் இருந்தால்தான் நடுவிலே விளம்பரம் செருக முடியும், 2020-லிருந்து யூடியூபில் அதுதான் கணக்கு. அந்த எட்டு நிமிடத்தில் அடிவாரத்துக்கு ஒரு ஆளை அனுப்பி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டானா என்றால் இல்லை. அவனுக்குக் கிடைத்த தகவலே எங்கள் குழு மாதிரி ஏதோ ஒரு குழுவிலிருந்து போனதுதான்.

இனிமேல்தான் கூத்து. அந்த யூடியூப் லிங்க்கை யாரோ திரும்ப எங்கள் குழுவிலேயே கொண்டுவந்து போட்டு, 'பாருங்க, நியூஸ்லயே வந்துடுச்சு' என்றார்கள். நம்மிடமிருந்து போனது நமக்கே ஆதாரமாகத் திரும்பி வருகிறது! ராத்திரி சந்தேகப்பட்ட இரண்டு மூன்று பேரும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிறுத்தைக்குப் பின்னால் நிற்கிற ஆட்டோவைப் பார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. நம் ஊரில் ஆட்டோ முழுக்க மஞ்சள். அது உன் மும்பை ஆட்டோடா! கடைசி இரண்டு வினாடியில் கேட்டுக்கு மேலே ஒரு போர்டு வேறு தெரிகிறது, எழுத்து மங்கல், ஆனால் இந்தி, மராத்தி மாதிரி மேலே கோடு இழுத்த எழுத்து. முலுண்டில் அந்த தேசியப் பூங்கா ஓரத்து அபார்ட்மெண்டுகளில் சிறுத்தை வந்து நாயைப் பிடித்துப் போவதைப் பற்றி நீயே எத்தனை தடவை போனில் சொல்லியிருக்கிறாய். இதையெல்லாம் வட்டம் போட்ட படத்தோடு, மரியாதையாகத்தான், குழுவில் எழுதினேன். வந்த முதல் பதில்: 'உங்க வீட்டுப் புள்ளைய தூக்கிட்டுப் போனா அப்பத் தெரியும் சார்.' இரண்டாவது: 'எச்சரிக்கையா இருக்கிறதுல என்னங்க தப்பு?' மூன்றாவதாக ஒருவர் எனக்குப் பதிலே சொல்லாமல் வேறொரு சிறுத்தைப் படம் அனுப்பினார். இப்போதெல்லாம் படம் எடுக்கக்கூட வேண்டியதில்லை, சொன்னால் போதும், கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்துவிடுகிறது. நானும் விடவில்லை, ராத்திரி பதினொன்று வரை சளைக்காமல் பதில் போட்டேன். காலையில் எழுந்தால் நான் குழுவில் இல்லை. பேங்க் சார் தனியாக ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தார்: 'தம்பி, குழுவில் அமைதி முக்கியம்.' வீட்டுக்காரி இன்னும் குழுவில்தான் இருக்கிறாள், என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதைச் சாப்பாட்டோடு பரிமாறுகிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வனத்துறை ஆட்கள் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஏரிப் பக்கம் சேற்றில் கால்தடம் இருக்கிறது என்று கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள், நானும் போனேன். வந்திருந்த வனக் காவலர் குனிந்து பார்த்துவிட்டு, விரல் முனையில் குத்தியிருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினார். 'நகம் பதிஞ்சிருக்கு பாருங்க. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும், தடத்துல தெரியாது. இது நாய்.' அவ்வளவுதான், அரை நிமிட வேலை. சுற்றி நின்றவர்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது, தடத்தைப் படமும் எடுத்தார்கள். அவர் சொன்னதை ஒருத்தர்கூட குழுவில் போடவில்லை. தடத்தின் படம் மட்டும் 'அடிவாரத்தில் சிறுத்தையின் கால்தடம்' என்று போயிருக்கிறது, வீட்டுக்காரி காட்டினாள்.

சிறுத்தை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம் மாப்ளே. 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம், அதில் வயதான ஒரு அம்மா வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று அதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியிருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப்பில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 2020-இல் கொரோனா சமயத்தில், பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரே இடம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்தியின் மேல் வருகிற அந்த இரட்டை அம்புக்குறி அதற்குத்தான். எங்கள் தெரு வீடியோவிலும் அந்த அம்பு இருந்தது. 'சற்றுமுன்' எடுத்த வீடியோ அதற்குள் எப்படி அத்தனை கை மாறியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த அம்மாவை அடித்தவர்களும் ஏதோ ஒரு குழுவில் 'எச்சரிக்கையா இருக்கிறதுல என்ன தப்பு' என்று நினைத்துப் பகிர்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, இதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் இருக்கிறது. நீ உன் பழைய வலைப்பதிவை, அதுதான் அந்த பிளாக்கை, அழிக்கப் போகிறாயாமே. சித்தப்பா சொன்னான். 'யார்டா அதெல்லாம் படிக்கிறா, மானம் போகுது' என்றாயாம்.

மானம் போகும்தான். அந்தக் காதல் கவிதை மூன்றையும் நான் வரிவரியாக ஒப்பிப்பேன், உன் பெண் கல்யாணத்தில் மைக் கிடைத்தால் கட்டாயம் ஒப்பிப்பேன். ஆனால் உன் ஏற்காடு பதிவை யோசித்துப் பார். மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவு என்று போட்டிருந்தாய். முதல் பின்னூட்டம் வழக்கம்போல 'மீ த ஃபர்ஸ்ட்டு'. அடுத்ததாகப் பெயர் போடாத ஒரு அனானி வந்து, 'அண்ணே, 20 தான், ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டே இருக்கு, நீங்க ஏற்காடு போனீங்களா இல்ல யாராச்சும் போனதக் கேட்டு எழுதுனீங்களா' என்று கிழித்தான். நீ அவனோடு மல்லுக்கட்டினாய், வழியில் இருக்கிற சாதா வளைவுகளையும் சேர்த்துக்கொண்டேன் என்று ஒரு சப்பைக்கட்டு வேறு. நம் கூட்டாளி பூட்டு உனக்கு ஆதரவாக வந்து 'ஏறும்போது 20, இறங்கும்போது 22' என்று கும்மியைக் கிளப்பிவிட்டான். கடைசியில் 22-ஐ நடுவில் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 20 என்று எழுதி, 'நன்றி அனானி' என்று அடியில் ஒரு குறிப்பு, அதுதான் டிஸ்கி, போட்டாய். நேற்றுப் போய்ப் பார்த்தேன். அடித்த 22, சரியான 20, அந்தச் சண்டை, பூட்டின் மொக்கை, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

ஃபார்வர்டில் அப்படி ஒரு இடமே கிடையாது. யார் எழுதியது, எந்தத் தேதி, எந்த ஊர், எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஆட்டோ கறுப்பு என்று நான் எழுதியது எங்கள் குழுவோடு நின்றுவிட்டது, வீடியோ அதற்குள் ஓமலூர், ஆத்தூர் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். எங்கே போய் மறுப்பு எழுதுவது? முன்னாலெல்லாம் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தில் பொய்யாக ஒரு பதிவு 'சூடான இடுகைகள்' பட்டியலில் ஏறினால், அதை மறுத்து எழுதிய பதிவும் அன்றைக்கே அதே முகப்பில் வந்து நிற்கும், இதற்கு லிங்க் அதிலும் அதற்கு லிங்க் இதிலும் இருக்கும். படிக்கிறவன் இரண்டையும் பார்த்துவிட்டு யாரைத் திட்டலாம் என்று முடிவு பண்ணுவான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. போலிப் பெயரில் வந்து பெண் பதிவர்களைத் துரத்திய கூட்டம் அப்போதும் இருந்தது, சாதிச் சண்டை இருந்தது, ஹிட் கவுண்டரைப் பார்க்க பிரவுசிங் சென்டரில் காசைத் தொலைத்த உன்னைப் போன்ற ஆட்களும் இருந்தார்கள். விண்டோஸ் 98-இல் யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரியாமல் எல்லாம் கட்டம் கட்டமாக வர, 'புரட்சிகரமான எழுத்து, வாசகனுக்கே புரியவில்லை' என்று நீ பெருமைப்பட்டதை மறக்கவில்லை.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், மேட்டூர் அணை. பேப்பரில் முன்பு ஒரு மூலையில் சின்னக் கட்டம் இருக்கும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டிஎம்சி. அப்பா முதலில் அதைத்தான் பார்ப்பார். அணை நிறைந்தால் 120 அடி, 93.47 டிஎம்சி, அது அவருக்கு மனப்பாடம். இப்போது போனில் என்ன வருகிறது? 'மேட்டூர் அணை: டெல்டா விவசாயிகளுக்கு வெளியான முக்கியத் தகவல்!' தொட்டால் ஒரு விளம்பரம், அதை மூடினால் 'அறிவிப்புகளை அனுமதிக்கவும்', அதையும் மூடினால் அணை 1934-இல் திறக்கப்பட்டது என்று பள்ளிக்கூடக் கட்டுரை, நடுவில் ராசிபலன், அடியிலே கடைசி வரியில் அந்த நம்பர். தலைப்பிலேயே நம்பரைப் போட்டால் எவன் உள்ளே வருவான், வராவிட்டால் விளம்பரத்துக்குக் காசு ஏது? பொய்யே இல்லாத செய்தியைக்கூட இப்படி ஒளித்து வைத்து விற்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் போனைத் தூக்கி அந்த அணையிலேயே போட்டிருப்பார்.

அதனால் அழிக்காதே. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறவரோடு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, எந்தச் சட்னி முதலில், பீட்ரூட் துருவல் எவ்வளவு, அன்றைக்கு என்ன விலை என்றெல்லாம் எழுதினாயே, அதை நீ மொக்கைப் பதிவு என்றுதான் நினைத்திருப்பாய். அந்தத் தள்ளுவண்டி இப்போது அங்கே இல்லை. இன்றைக்குத் தேடினால் 'சேலம் ஸ்பெஷல்' என்று நூறு வீடியோ வருகிறது, எல்லாவற்றிலும் ஒருவன் வாயைத் திறந்து கண்ணை உருட்டுகிறான், விலையைச் சொல்வானா என்றால் மாட்டான்.

உன் பதிவு கூகுள் கணக்கில்தானே இருக்கிறது, இரண்டு வருஷம் உள்ளே போகாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்க ஆரம்பித்திருக்கிறது. நீ அழிக்காவிட்டாலும் சும்மா விட்டால் ஆபத்துதான். ஒரு தடவை உள்ளே போய், அமைப்புகளில் போய் மொத்தத்தையும் ஒரு பிரதி இறக்கி எனக்கு அனுப்பிவை. முக்கியமான பக்கங்களை, பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிற வேபேக் மெஷினிலும் நான் ஏற்றிவிடுகிறேன், அதற்கு உன் அனுமதிகூட வேண்டியதில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கதை விடாதே, அந்த வருஷம் யார் பெயரை வைத்திருந்தாய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், அந்த வீடியோவின் கடைசி வினாடியைப் படமாக எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். கேட் போர்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஏரியா என்று பார்த்துச் சொல். உனக்குத் தெரியாவிட்டால் உன் பெண்ணிடம் காட்டு, அவள் மராத்தி உன்னைவிட நன்றாகப் படிப்பாள். முடிந்தால் அந்த அபார்ட்மெண்டுக்கு முன்னால் நின்று ஒரு படம், போர்டும் கறுப்பு ஆட்டோவும் தெரிகிற மாதிரி. பேங்க் சார் வீட்டுக்கு நேரிலேயே கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அதை அவர் வேறு எதற்காவது பகிர்ந்துவிடுவார்.

அன்புடன்,
தட்டுவடை