மாசிக்கட்டை

சைத்தாமா,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஊர் சுற்றிவிட்டு நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். "தனியாகவா போகிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்று அம்மா போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சாப்பிடத்தான் போனேன் என்று சொல்லிவிடுங்கள்.

புல்லட் ரயிலில் தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 14,000 யென் ஆகும். நான் எடுத்தது 'செய்ஷுன் 18' என்ற சீட்டு. தொடர்ந்து ஐந்து நாளைக்கு 12,050 யென், நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய் சொச்சம். ஜேஆர் என்கிற ரயில் நிறுவனங்களின் சாதா ரயில்களில் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெயர்தான் 'இளமை 18', வயது வரம்பெல்லாம் கிடையாது. நீங்களும் எடுக்கலாம்.

ஒசாகா போக ஒரு பகல் முழுக்க ஆனது. ஓகாகி என்ற ஊரில் கதவு திறந்ததும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஓடினார்கள். ஏதோ ஆபத்து என்று நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த வண்டியில் இடம் பிடிக்கத்தான் அந்த ஓட்டம். மைபாரா வரை நின்றுகொண்டே போனேன். அந்த வழியில் செகிகஹாரா வருகிறது. 1600-ல் பெரிய போர் நடந்த ஊர். அதை ஒட்டித்தான் ஊதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸின் சாற்று நிறம் மாறும் என்பார்கள். கிழக்கே சோயா தூக்கலாக, கருப்பாக இருக்கும். மேற்கே போனால் அடிக்கிண்ணம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. மைபாராவுக்கு அப்புறம் நடைமேடையில் நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தேன். நிறமே இல்லாத அந்தச் சாற்றில் எங்கிருந்து இவ்வளவு ருசி வந்தது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஒசாகாவில் கேப்சூல் விடுதி. (அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுங்கள்.) 1979-ல் இதே ஊரில்தான் முதல் கேப்சூல் விடுதி திறந்தார்களாம். முத்துநகர் எக்ஸ்பிரஸின் மேல் பெர்த்துக்கு ஒரு திரை போட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனித் தளம், குளிக்க வெந்நீர், 3,200 யென். எதிர்ப் பெட்டியில் ஒரு பாட்டி குறட்டை விட்டார், அவ்வளவுதான் குறை.

அன்றைக்கு ராத்திரி தக்கோயாக்கி. நம் குழிப்பணியாரக் கல்லேதான் அப்பா! குழிக்கு ஒரு துண்டு பேய்க்கணவாய் போட்டு, மேலே மாவை வழிய விட்டு, கூரான கம்பியால் கிறுகிறுவென்று உருட்டுகிறார்கள். நம் ஊர்ப் பணியாரம் மாதிரி உள்ளே வெந்திருக்கும் என்று ஒன்றை முழுசாக வாயில் போட்டுவிட்டேன். உள்ளே குழம்பாகக் கொதிக்கிறது! ரெண்டு நாளைக்கு நாக்கு மரத்துப்போனது. அதன் மேலே தூவியிருந்த மீன் சீவல் ஆவியில் நெளிந்து ஆடியது. அந்தச் சீவலை இங்கே பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் கியோத்தோ. கோயில்களை ஓட்டமாகப் பார்த்துவிட்டு நிஷிகி சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் கரிந்த விறகு போல ஏதோ அடுக்கி வைத்திருந்தார்கள். மூக்கை அருகில் கொண்டுபோனால், நம் மெஸ் பரணில் டப்பாவைத் திறந்த வாசம்! சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்தது. அப்பா, அது மாசி. இங்கே கத்ஸுஒபுஷி என்கிறார்கள். நாம் நிறுத்துகிற இடத்தில் இவர்கள் நிறுத்துவதில்லை. உயர்ந்த ரகத்துக்கு அதற்கப்புறம் பூஞ்சை பிடிக்கவிட்டு, வெயிலில் போட்டு, மறுபடி பிடிக்கவிட்டு மாசக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார், 'டிங்' என்றது. அந்தத் தெளிந்த சாற்றுக்குள் இருந்தது இதுவும் கொம்பு என்கிற கடல்பாசியும்தான். நீங்கள் உரலில் இடிப்பதை இவர்கள் பெட்டியில் பதித்த இழைப்புளியில் சீவுகிறார்கள்.

ஹிரோஷிமாவிலும் அது என்னை விடவில்லை. ஒகோனோமியாக்கிக் கடையில் பெரிய கல்லுக்கு முன்னால் நீளப் பலகை, ஆளுக்கொரு முக்காலி. தனியாகப் போனால் "கூட யார்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் மெஸ்ஸில் தனியாக உட்காருகிறவரிடம் நீங்கள் ஊர், பேர் விசாரிக்காமல் விட்டதுண்டா? எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் யாராவது விசாரித்தால் தேவலை என்று இருந்தது.

கடைக்கார அம்மாள் மாவைத் தோசை மாதிரியே வட்டமாகத் தேய்த்து, ஒரு சிட்டிகை மீன் பொடி தூவினார். அதன்மேல் முட்டைக்கோஸ் ஒரு குன்று. பன்றி இறைச்சி நாலு துண்டு. இது கவிழத்தான் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கையிலும் ரெண்டு திருப்பி, ஒரே வீச்சு, ஒரு இழைகூடச் சிதறவில்லை. அப்புறம் நூடுல்ஸ், முட்டை. தட்டே தரவில்லை, கல்லிலிருந்தே குட்டித் திருப்பியால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும். "மீன் பொடி?" என்று கேட்டேன். நான் கேட்டதே அவருக்குச் சந்தோஷம். டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

மற்ற ராத்திரிகளில் சூப்பர் மார்க்கெட்தான். எட்டு மணிக்கு மேல் ஒருவர் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார். பத்துப் பேர் எதையோ தேடுகிற மாதிரி அவர் பின்னாலேயே நகர்வார்கள். நானும் நகர்ந்தேன். நகோயாவில் காலையில் காப்பிக்கு மட்டும் காசு கொடுத்தால் டோஸ்டும் அவித்த முட்டையும் சேர்ந்து வந்தன. எப்படிக் கட்டுப்படியாகிறதோ, உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு கட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். அரிவாள்மனையில் போட்டால் வாய் மழுங்கிவிடும். தச்சரிடம் சொல்லி நல்ல இழைப்புளி ஒன்று வாங்கி வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்