பணம் வந்தால் பாட்டு கெடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடீஸ்வர ராக் பாடகர்கள் கலையை விற்றுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கனடா ராக் பாடகர் நீல் யங்கின் நினைவுதான் வரும். 1983-இல் அவர் பாடிக்கொண்டிருந்த கெஃபன் இசைத்தட்டு நிறுவனமே அவர்மீது வழக்குப் போட்டது. குற்றம்? விற்கிற மாதிரி பாடவில்லை, நீல் யங் மாதிரியே இல்லை என்பதுதான்! கேட்ட தொகை 30 லட்சம் டாலருக்கும் மேல். அப்புறம் வழக்கைக் கைவிட்டார்கள். அந்தத் துணிச்சலுக்கு, அவர் முன்பே சேர்த்திருந்த காசும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் புதுச்சேரி ஓட்டல்களில் சில வருடம் கிட்டார் வாசித்தவன். சனி, ஞாயிறு வரும் கூட்டத்துக்கு அதே பத்துப் பாட்டுதான். சொந்தமாக ஒன்றை எடுத்தால் மேலாளர் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவார். ஜூன் 21, உலக இசை நாளன்று தெருவில் வாசிக்கும்போதுதான் என் மெட்டு வெளியே வரும்.

ஆனால் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் விஷயத்தில் மனம் ஒப்பவில்லை. ஆலைத் தொழிலாளியின் கதையைப் பாடியவர். 2021-இல் தன் பாடல்களின் உரிமையை சோனி இசை நிறுவனத்துக்கு விற்றார். சரி, அவர் சொத்து. 2022-இல் அவர் கச்சேரி டிக்கெட்டுகள் சில, கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறும் முறையில், 5,000 டாலர் வரை போனதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அவர் பாட்டில் வரும் தொழிலாளி எந்த வாசல் வழியாக உள்ளே போவான்?

— ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி