கைநழுவிய வேடத்தை வைத்து ஒரு வாழ்க்கையை அளக்காதீர்கள்: திரை வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஹாலிவுட்டைப் பற்றி எழுதிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஐரிஷ் நடிகை ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றி எங்கே எது வந்தாலும் தேடிப் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் எழுதும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே தீர்ப்பில் வந்து நிற்கின்றன. பெரிய நட்சத்திரமாகியிருக்க வேண்டியவர், ஸ்டூடியோ முதலாளிகளோடு மோதித் தன் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டார் என்கிறீர்கள். சான்றாக, 1941இல் வெளிவந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தின் நாயகி வேடம் அவர் கையைவிட்டு மேரி ஆஸ்டரிடம் போன கதை வரும். பிறகு நாற்பதுகளின் படங்கள் சில, 'ஆர்தர்' படத்தின் பணக்காரப் பாட்டி, 2005இல் மரணம். அவ்வளவுதான்.

இந்தச் சித்திரத்தை நான் ஏற்கவில்லை. அவர் தோற்றுப்போன நடிகை அல்லர். தன் தொழில் எது என்று இருபத்தைந்து வயதுக்குள் முடிவு செய்து, அதற்கான விலையைக் கொடுத்தவர்.

அவர் பிறந்தது 1913இல், டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மாவட்டத்துக் கடலோர ஊரான கிரேஸ்டோன்ஸில். தந்தை வழக்கறிஞர். நாடகம் அவருக்கு வந்தது சித்தி ஷீலா ரிச்சர்ட்ஸ் வழியாக. 1926இல் ஷான் ஓகேசியின் 'தி ப்ளோ அண்ட் தி ஸ்டார்ஸ்' டப்ளினின் அப்பே தியேட்டரில் அரங்கேறி, பார்வையாளர்கள் கொதித்தெழுந்து கலவரம் செய்தார்களே, அந்த நாடகத்தின் நாயகியாக நடித்தவர் ஷீலா. மேடையில் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பெண் ஜெரால்டின். 1932இல் டப்ளினின் கேட் தியேட்டரில் நடிக்கத் தொடங்கினார். லண்டனில் சில படங்களில் நடித்துவிட்டு நியூயார்க் போனார். 1938இல் ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டர் நடத்திய பெர்னார்ட் ஷாவின் 'ஹார்ட்பிரேக் ஹவுஸ்' நாடகம்தான் அவரை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியது.

ஹாலிவுட் ஸ்டூடியோவான வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தபோது, ஆண்டில் ஆறு மாதம் மேடைக்குத் திரும்பிப் போகும் உரிமையைக் கேட்டு வாங்கினார். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் கடந்துவிடும் இடம் இதுதான். அந்தக் காலத்து ஏழாண்டு ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடுக்கும் வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் வாலில் சேர்த்துவிடுவார்கள். இதே வார்னர் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் அந்த வழக்கத்தை உடைத்தது 1944இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவில் பெயர் பெறத் தொடங்கிய நிலையிலேயே ஒரு ஐரிஷ் பெண் தன் ஆண்டில் பாதியைத் தனக்கென்று எழுதி வாங்கியிருக்கிறார். பிறகு பிடிக்காத வேடங்களை மறுத்தார், நிறுத்திவைக்கப்பட்டார். நீங்கள் இதைப் பிடிவாதம் என்று எழுதுகிறீர்கள். எனக்கு இது தொழில் பற்று.

அவர் நடித்த படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 'உதரிங் ஹைட்ஸ்' படத்தின் இசபெல்லாவுக்காக 1939ஆம் ஆண்டின் துணை நடிகை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 'கான் வித் தி விண்ட்' ஹாட்டி மெக்டேனியலுக்கு அந்த விருது போனது நியாயமே. 'த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' படத்தில் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், பீட்டர் லோரே என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே அவர் காட்டும் குளிர்ந்த கொடூரத்தைப் பார்த்துவிட்டு, இவரிடம் நட்சத்திரத் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு அவருடைய வாழ்வின் உச்சம் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. 1955இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூயார்க்காரராகவே ஆகிவிட்ட அவர், ஜோனதன் ரிங்காம்ப் என்ற பிரான்சிஸ்கன் துறவியோடு சேர்ந்து எவ்ரிமேன் என்ற தெருநாடகக் குழுவை உருவாக்கினார். புரூக்ளினிலும் மற்ற ஏழைக் குடியிருப்புகளிலும் இருந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, திரையும் கட்டணமும் இல்லாமல் தெருவிலேயே நாடகம் போட்டார்கள். இந்தப் பணிக்காக நியூயார்க் நகரம் கலைக்கான தன் உயரிய விருதான ஹாண்டல் பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஆஸ்கர் பரிந்துரையை முதல் பத்தியில் வைக்கும் உங்கள் கட்டுரைகளில் இந்தப் பதக்கத்துக்கு இடமே இருப்பதில்லை.

1971இல் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தில் மேரி டைரோனாக நடித்தார். மார்ஃபின் பழக்கத்தில் மெல்ல மெல்லத் தன் வீட்டைவிட்டே மறைந்துபோகும் தாய் அவள். கணவனாக நடித்தவர் ராபர்ட் ரையன். ஒரு நடிகைக்கு அந்த வேடமே ஆயுளுக்குப் போதும். ஜெரால்டின் அதோடு விடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே நாடகத்தை, முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து நியூயார்க்கில் இயக்கினார். ஏர்ல் ஹைமன் தந்தையாகவும், குளோரியா ஃபாஸ்டர் தாயாகவும் நடித்தார்கள். ஓநீல் எழுதியது தன் சொந்த ஐரிஷ்-அமெரிக்கக் குடும்பத்தின் காயங்களை. அதை ஐரிஷ் மண்ணில் பிறந்த ஒரு பெண் கறுப்பினக் கலைஞர்களின் கையில் நம்பிக் கொடுத்தார். ஐரிஷ்காரர்களின் சொத்து என்று கருதப்பட்ட நாடகத்தை இப்படித் திறந்துவிட்ட துணிவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாமே! இதுவரை தமிழில் ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை.

அதே 1981இல் பில் சி. டேவிஸின் 'மாஸ் அப்பீல்' அவருடைய இயக்கத்தில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்தது. பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதில், சிறந்த இயக்குநர் பிரிவுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். அதுவரை அந்தப் பட்டியலில் இடம்பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடக இயக்கத்துக்கான அந்த விருது ஒரு பெண்ணின் கைக்கு வர 1998 வரை ஆயிற்று. வாங்கியவர் கேரி ஹைன்ஸ், அவரும் அயர்லாந்துக்காரர். இந்த இரண்டு பெண்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசினால் ஐரிஷ் நாடக வரலாறு வேறு மாதிரி தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவே, அறுபதைத் தாண்டிய வயதில் பாட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டு, தெருப்பாடல்களை மட்டுமே கோத்த ஒரு தனிநபர் நிகழ்ச்சியோடு மேடையேறினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது 'நடிகை, இயக்குநர், தெருநாடகக் கலைஞர்' என்று மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். 'மால்டீஸ் ஃபால்கன்' கதை எங்காவது நடுவில் வரட்டும். இரண்டாவது, அமெரிக்காவில் இருந்து எழுதும் நண்பர்களுக்கு: எவ்ரிமேன் குழுவில் பதின்ம வயதில் நடித்தவர்கள் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். திரைப்படச் சுருள்களைக் காப்பகங்கள் பார்த்துக்கொள்ளும். தெருவில் நடந்த நாடகத்துக்கு அவர்களுடைய நினைவைத் தவிர வேறு பெரிய காப்பகம் கிடையாது. அவர்களைத் தேடிப் பிடித்து, ஒத்திகை எப்படி நடந்தது, அவர் என்ன சொல்லிக் கொடுத்தார், தெருவில் கூடியவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டு இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள். தமிழில் மொழிபெயர்த்துத் தருவதற்கு நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி